டெபாசிட் வைத்து வாங்கும் கிரெடிட் கார்டு: கெட்டுப்போன கிரெடிட்டை மீட்க, தென்னாப்பிரிக்கத் தமிழர்களுக்கு ஒரு வழிகாட்டி

இரண்டு வகையினருக்காக இதை எழுதுகிறேன். முதல் வகையினர் இங்கேயே பிறந்து வளர்ந்தவர்கள். வேலை போன சமயத்திலோ, வீட்டில் நோய், சாவு, கல்யாணம் என்று செலவு கழுத்தை நெரித்த சமயத்திலோ துணிக்கடை அக்கவுண்டையோ செல்போன் கான்ட்ராக்டையோ கட்டாமல் விட்டிருப்பார்கள். இப்போது எங்கே போய்க் கேட்டாலும் 'டிக்ளைன்ட்' என்ற பதில்தான் வருகிறது. இரண்டாவது வகையினர் தமிழ்நாட்டிலிருந்து வேலை விசாவில் ஜோகன்னஸ்பர்க்குக்கோ டர்பனுக்கோ வந்திறங்கியவர்கள். சம்பளம் நன்றாகவே வருகிறது, ஆனால் இந்த நாட்டுப் பதிவேடுகளில் அவர்கள் பெயரே இல்லை. ஊரில் சிபில் ஸ்கோர் 800 இருந்தாலும் இங்கே அதை யாரும் பார்ப்பதில்லை.

நான் டர்பனில் சின்னச் சின்னக் கடைகளுக்குக் கணக்கு எழுதுகிறேன். சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பக்கத்திலிருந்து மாலை நேரங்களில் யாராவது ஒரு பை நிறையக் கடிதங்களோடு வருவார்கள். அதில் பாதி உறை கிழிக்கப்படாமலே இருக்கும். அவர்கள் எல்லோரிடமும் நான் முதலில் சொல்வது ஒன்றுதான்: கார்டு கடைசியில் வரட்டும். முதலில் ரிப்போர்ட், அதாவது நாம் கடன் கட்டிய வரலாற்றைப் பதிந்து வைக்கும் கிரெடிட் பியூரோக்கள் தரும் அறிக்கை. அடுத்து பழைய பாக்கி, அதற்கப்புறம்தான் கார்டு. இந்த வரிசையை மாற்றினால் டெபாசிட்டாகப் போட்ட பணம் முடங்கிக் கிடக்கும், கிரெடிட்டும் சரியாகாது.

அந்தக் கார்டு என்பது என்ன

சாதாரணக் கிரெடிட் கார்டில் வங்கி உங்களை நம்பிக் கடன் தருகிறது. நம்ப முடியாத நிலையில் நீங்கள் இருந்தால், உங்கள் பணத்தையே ஈடாக வாங்கி வைத்துக்கொண்டு கார்டு தரும். 3,000 ராண்டை ஃபிக்ஸட் டெபாசிட்டில் போட்டால் ஏறக்குறைய அதே அளவு லிமிட்டோடு ஒரு கார்டு கிடைக்கும். டெபாசிட் உங்கள் பெயரில்தான் இருக்கும், அதற்கு உரிய வட்டியும் வரும். ஆனால் கார்டு இருக்கும்வரை அதில் கை வைக்க முடியாது.

பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. 'என் பணம்தானே அங்கே இருக்கிறது, மாதாமாதம் கட்டாவிட்டால் அதிலிருந்து எடுத்துக்கொள்ளட்டும்' என்று நினைக்கிறார்கள். அப்படி நடக்காது. டெபாசிட் என்பது வங்கிக்கான பாதுகாப்பு, உங்கள் தவணைக்கான பணமல்ல. கார்டில் செலவழித்ததை ஒவ்வொரு மாதமும் நீங்கள் தனியாகக் கட்ட வேண்டும். ஒரு மாதம் தவறினால் சாதாரணக் கார்டுக்கு எழுதுவது போலவே பியூரோவில் 'பாக்கி' என்று எழுதிவிடுவார்கள். டெபாசிட்டில் கை வைக்கும் நிலை வந்துவிட்டதென்றால், அதற்குள் உங்கள் பெயர் மறுபடி கெட்டுப்போயிருக்கும்.

இன்னொரு விஷயம். யூடியூபில் இதைப் பற்றிக் கிடைக்கும் யோசனைகளில் பெரும்பாலானவை அமெரிக்காவைப் பற்றியவை. அங்கே 200 டாலர் டெபாசிட்டில் கார்டு கிடைப்பது சர்வசாதாரணம், ஃபைக்கோ ஸ்கோர் 300-லிருந்து 850 வரை போகும், கெட்ட பதிவு பெரும்பாலும் 7 வருடம் நிற்கும். இந்தக் கணக்கு எதுவும் இங்கே செல்லாது. தென்னாப்பிரிக்காவில் 2005-ஆம் ஆண்டின் தேசியக் கடன் சட்டம்தான் அடிப்படை. அதைக் கண்காணிப்பது என்.சி.ஆர். என்று சொல்லப்படும் தேசியக் கடன் ஒழுங்குமுறை ஆணையம். ஒவ்வொரு பியூரோவும் தனக்கென ஒரு ஸ்கோர் அளவுகோல் வைத்திருக்கிறது. அதனால் ஒரு பியூரோவின் எண்ணை இன்னொன்றின் எண்ணோடு ஒப்பிட்டுக் கவலைப்பட வேண்டாம்.

முதல் படி: ரிப்போர்ட்டை வாங்கி உட்கார்ந்து படியுங்கள்

டிரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். ஆகியவை இங்குள்ள முக்கியமான பியூரோக்கள். ஒவ்வொன்றிடமிருந்தும் வருடத்துக்கு ஒரு முறை இலவசமாக ரிப்போர்ட் பெறச் சட்டம் உங்களுக்கு உரிமை தருகிறது. ஒன்றோடு நிறுத்தாமல் எல்லாவற்றிலும் வாங்குங்கள். ஒரு துணிக்கடையின் பாக்கி ஒரு பியூரோவில் இருக்கும், இன்னொன்றில் இருக்காது. கிளியர்ஸ்கோர் மாதிரியான செயலிகளில் மாதாமாதம் இலவசமாகப் பார்க்கலாம். பின்னால் கண்காணிக்க அது வசதி, ஆனால் முதல் தடவை முழு ரிப்போர்ட்தான் வேண்டும். உங்கள் ரிப்போர்ட்டை நீங்களே பார்ப்பதால் ஸ்கோர் குறையாது.

ரிப்போர்ட் வந்ததும் ஸ்கோரைப் பார்த்து மனம் உடையாதீர்கள். கீழே போய் அக்கவுண்ட் பட்டியலைப் பாருங்கள். பல ரிப்போர்ட்டுகளில் ஒவ்வொரு அக்கவுண்டுக்கும் எதிரே, மாதத்துக்கு ஒன்றாக எண்கள் வரிசையாக இருக்கும். பூஜ்யம் என்றால் அந்த மாதம் பாக்கி இல்லை. 1 என்றால் ஒரு மாதப் பாக்கி, 2 என்றால் இரண்டு மாதம். பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம், 1, 2, 3 என்று போகும் அந்த வரிசையைப் பார்த்தாலே எந்த மாதம் குடும்பத்தில் என்ன நடந்தது என்று உங்களுக்கு ஞாபகம் வந்துவிடும். இனிமேல் வருகிற ஒவ்வொரு மாதமும் அங்கே ஒரு பூஜ்யம் விழ வேண்டும். நாம் செய்யப்போகும் வேலை முழுவதும் அதற்காகத்தான்.

எந்தப் பதிவு எத்தனை காலம் நிற்கும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். மாதாந்திரக் கட்டண வரலாறு 5 வருடம் நிற்கும். 'கட்டத் தவறியவர்', 'வசூலுக்கு அனுப்பப்பட்டது' என்பது போன்ற பாதகக் குறிப்புகள் 1 வருடம். நீதிமன்ற ஜட்ஜ்மெண்ட் 5 வருடம், ஆனால் கடனை முழுவதும் அடைத்துவிட்டால் அதற்கு முன்பே நீக்கப்பட வேண்டும்.

உங்களுடையது அல்லாத அக்கவுண்ட் அதில் இருந்தால் விட்டுவிடாதீர்கள். நம் வீடுகளில் பெயர்கள் ஒன்றுபோலவே இருக்கும். கோவிந்தர், நாயுடு, பிள்ளை, மூட்லி என்று ஒரே தெருவில் நாலு பேர் இருப்பார்கள். அடையாள எண்ணைச் சரிபாருங்கள். தவறு இருந்தால் பியூரோவிடம் எழுத்தில் மறுப்புத் தெரிவியுங்கள். அவர்கள் 20 வேலை நாட்களுக்குள் விசாரித்துப் பதில் சொல்ல வேண்டும். ஆதாரம் காட்ட முடியாவிட்டால் பதிவை நீக்க வேண்டும், இதற்குக் கட்டணம் எதுவும் இல்லை. 'பிளாக்லிஸ்ட்டிலிருந்து பெயரை எடுத்துத் தருகிறோம்' என்று விளம்பரம் செய்து ஆயிரக்கணக்கில் பணம் வாங்குகிறார்களே, அவர்கள் எழுதி அனுப்புவதும் பெரும்பாலும் இதே கடிதத்தைத்தான். அந்தப் பணத்தைப் பழைய பாக்கிக்குக் கட்டுங்கள்.

இரண்டாம் படி: பழைய பாக்கியைத் தீர்ப்பது

இதுதான் கஷ்டமான பகுதி. கார்டு எடுப்பதை விட இதற்குத்தான் அதிக நேரம் போகும், போகவும் வேண்டும்.

ஒரு காகிதத்தில் எல்லாக் கடனையும் எழுதுங்கள்: யாருக்கு, எவ்வளவு, கடைசியாக எப்போது கட்டினீர்கள், ஜட்ஜ்மெண்ட் ஆகியிருக்கிறதா. அந்தக் 'கடைசியாக எப்போது' என்ற பத்திதான் மிக முக்கியம். துணிக்கடை அக்கவுண்ட், கிரெடிட் கார்டு, தனிநபர் கடன் போன்றவை 3 வருடத்தில் காலாவதியாகும். அந்தக் காலத்தில் நீங்கள் எதுவும் கட்டாமல், கடனை ஒப்புக்கொள்ளாமல், நீதிமன்ற சம்மனும் வராமல் இருந்திருக்க வேண்டும். ஜட்ஜ்மெண்ட் ஆகிவிட்டால் 30 வருடம். காலாவதியான கடனைப் பிறருக்கு விற்பதையும் வசூலிப்பதையும் 2015-இல் வந்த சட்டத் திருத்தம் தடுக்கிறது.

வசூல்காரர்களுக்கும் இது தெரியும். அதனால்தான் போனில் மெதுவாக, 'ஆண்ட்டி, ஒரு ஐம்பது ராண்டாவது இன்றைக்குக் கட்டுங்கள், உங்கள் நல்ல மனசு தெரியட்டும்' என்பார்கள். காலாவதிக்கு இன்னும் சில மாதம் இருக்கும்போது அந்த ஐம்பது ராண்டைக் கட்டினால் 3 வருடக் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடத் தொடங்கும். எனவே பல வருடம் பழைய கடனுக்குப் போனில் எதையும் ஒத்துக்கொள்ளாதீர்கள். 'கணக்கு விவரத்தை எழுத்தில் அனுப்புங்கள்' என்று மட்டும் சொல்லிப் போனை வைத்துவிடுங்கள். வாங்கிய கடனைக் கட்டாதே என்று நான் சொல்லவில்லை. கட்டுவது என்றால், எதைக் கட்டுகிறோம் என்று தெரிந்து கட்ட வேண்டும்.

தொகையையும் சரிபாருங்கள். கடன் தவறிய நாளில் பாக்கி 4,000 ராண்ட் என்றால், அதற்கப்புறம் ஏறும் வட்டி, கட்டணம், வசூல் செலவு எல்லாம் சேர்ந்து இன்னொரு 4,000-ஐத் தாண்டக் கூடாது. தேசியக் கடன் சட்டத்தின் 103(5) பிரிவு சொல்வது இது. 4,000 ராண்ட் கடனுக்கு 11,000 கேட்டுக் கடிதம் வந்தால், அந்தப் பிரிவைக் குறிப்பிட்டுக் கணக்குக் கேளுங்கள். பல சமயம் தொகை இறங்கி வருவதைப் பார்த்திருக்கிறேன்.

பேசி ஒரு தொகைக்கு முடித்தால், பணம் கட்டும் முன்பே அதை எழுத்தில் வாங்குங்கள். கட்டிய பிறகு, முழுவதும் அடைந்தது என்று ஒரு கடிதம் வாங்கி அதைப் பத்திரமாக வையுங்கள். கடன் அடைந்த தகவல் பியூரோவுக்குப் போனதும் பாதகக் குறிப்பு தானாகவே நீங்க வேண்டும் என்பது விதி. தானாக நீங்காவிட்டால் அந்தக் கடிதத்தை நீங்களே பியூரோவுக்கு அனுப்பலாம்.

சூரிட்டி விஷயத்தையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். என்னிடம் வருபவர்களில் தாங்கள் வாங்கிய கடனால் கெட்டவர்களை விட, அக்கா பையனுக்காக செல்போன் கான்ட்ராக்ட் எடுத்துக் கொடுத்தவர்கள், மச்சானுடைய காருக்குக் கையெழுத்துப் போட்டவர்கள்தான் என் மனதை அதிகம் வருத்துகிறார்கள். பியூரோவைப் பொறுத்தவரை கான்ட்ராக்ட் யார் பெயரில் இருக்கிறதோ அவர்தான் கடன்காரர். உறவு முறிந்துவிடும் என்ற பயம் எனக்கும் புரிகிறது. ஆனால் உங்கள் பெயர் சீராகும்வரை 'என் பேர்ல இப்ப எதுவும் எடுக்க முடியாது மாமா, ரிப்போர்ட் சரியில்ல' என்று சொல்லிவிடுங்கள். அது உண்மையான பதிலும்கூட.

டெட் ரிவ்யூவில் இருப்பவர்கள் மட்டும் இதைப் படியுங்கள்

டெட் ரிவ்யூ என்பது, கடன் தாங்க முடியாதவர்கள் டெட் கவுன்சிலர் மூலம் தவணையை மாற்றி அமைத்துக் கட்டும் சட்டப்படியான ஏற்பாடு. அதில் இருக்கும்போது புதிய கடன் வாங்கச் சட்டம் அனுமதிக்காது. டெபாசிட் வைத்தாலும் கார்டு கிடையாது. கடன்களை அடைத்து, உங்கள் டெட் கவுன்சிலரிடமிருந்து கிளியரன்ஸ் சர்டிபிகேட் வந்து, பியூரோவில் அந்தக் குறி நீங்கிய பிறகுதான் கார்டைப் பற்றி யோசிக்கலாம். வீட்டுக் கடன் மட்டும் மிச்சம் இருந்து, அது பாக்கியில்லாமல் போய்க்கொண்டிருந்தால் சர்டிபிகேட் பெறலாம். கவுன்சிலர் உண்மையானவரா என்பதை அவருடைய என்.சி.ஆர். பதிவு எண்ணை வைத்துச் சரிபாருங்கள்.

மூன்றாம் படி: கார்டு கேட்கப் போவது

இங்கே இந்தக் கார்டுக்கு அமெரிக்கா மாதிரி விளம்பரப் பலகை கிடையாது. கிளைக்குப் போய் வாய்விட்டுக் கேட்க வேண்டும்: 'ஃபிக்ஸட் டெபாசிட்டை ஈடாக வைத்தால் கிரெடிட் கார்டு தருவீர்களா?' கவுண்டரில் இருப்பவருக்குத் தெரியாவிட்டால், டெபாசிட்டை வங்கிக்கு 'செஷன்' செய்து கார்டு எடுக்க வேண்டும் என்று சொல்லுங்கள். ஈடாக எழுதிக் கொடுப்பதற்கு வங்கிக்காரர்கள் வைத்திருக்கும் சொல் அது. உங்கள் சம்பளம் எந்த வங்கியில் விழுகிறதோ அங்கே முதலில் கேளுங்கள். மாதாமாதம் பணம் வருவதும் போவதும் அவர்கள் கண்ணுக்குத் தெரியும்.

எல்லா வங்கிகளிலும் ஒரே வாரத்தில் விண்ணப்பம் போடாதீர்கள். ஒவ்வொரு விண்ணப்பமும் ரிப்போர்ட்டில் விசாரணையாகப் பதிவாகும். அடுத்தடுத்து ஐந்தாறு விழுந்திருந்தால், பணத்துக்கு அலைகிறார் என்றுதான் பார்ப்பவர்கள் நினைப்பார்கள். முதலில் கேள்வி மட்டும் கேளுங்கள். 'ஆம்' என்று சொல்லும் ஓர் இடத்தில் மட்டும் விண்ணப்பியுங்கள்.

கொண்டு போக வேண்டியவை: அடையாள அட்டை, மூன்று மாதத்துக்கு உட்பட்ட முகவரிச் சான்று, கடைசி மூன்று சம்பளச் சீட்டு அல்லது மூன்று மாத வங்கி ஸ்டேட்மெண்ட். சொந்தத் தொழில் என்றால் வங்கி ஸ்டேட்மெண்ட்தான் முக்கியம். விசாவில் வந்தவர்கள் பாஸ்போர்ட், வேலை விசா, வேலை கொடுத்தவரின் கடிதம் ஆகியவற்றையும் எடுத்துப் போங்கள். டெபாசிட் வைத்தாலும் மாதத் தவணை கட்டும் வசதி உங்களுக்கு இருக்கிறதா என்று வங்கி பார்த்தே ஆக வேண்டும். செலவு விவரத்தைக் குறைத்துச் சொல்லாதீர்கள்.

கையெழுத்துப் போடும் முன் கேட்க வேண்டிய கேள்விகள் சில உண்டு. இவற்றைத் தாளில் எழுதிக்கொண்டே போங்கள்.

இந்தக் கார்டின் கட்டண வரலாறு எல்லா பியூரோக்களுக்கும் போகிறதா? போகாது என்றால் எழுந்து வந்துவிடுங்கள். நாம் கார்டு எடுப்பதே அதற்குத்தான்.

டெபாசிட் எப்போது திரும்பும்? ஒழுங்காகக் கட்டினால் எத்தனை மாதத்தில் சாதாரணக் கார்டாக மாற்றுவார்கள்?

கட்டணம் மொத்தம் எவ்வளவு? இதைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். சட்டத்தின் உச்சவரம்பின்படி மாதாந்திரச் சேவைக் கட்டணம் 60 ராண்ட் வரை போகலாம். தொடக்கக் கட்டணம் முதல் 1,000 ராண்டுக்கு 165, அதற்கு மேல் உள்ள தொகைக்கு 10 சதவீதம். 3,000 ராண்ட் லிமிட் என்றால் தொடக்கக் கட்டணம் 365 வரை, வருடச் சேவைக் கட்டணம் 720 வரை, ஆக 1,085 ராண்ட். இதற்கு மேல் வாட் வரியும் சேரும். மூவாயிரம் ராண்ட் கார்டுக்கு முதல் வருடத்திலேயே மூன்றில் ஒரு பங்குக்கு மேல் கட்டணமாகப் போகலாம்! இது உச்சவரம்பு மட்டுமே, பல வங்கிகள் இதை விடக் குறைவாக வாங்கும். அதனால்தான் கேட்கச் சொல்கிறேன். கடன் காப்பீட்டைச் சேர்த்துக் கொடுத்தால், அதற்கு மாதம் எவ்வளவு என்பதையும், வேறு பாலிசி இருந்தால் அதையே காட்டலாமா என்பதையும் கேளுங்கள். சொந்தப் பாலிசி வைத்துக்கொள்ளும் உரிமை உங்களுக்கு உண்டு.

ஒப்பந்தம் தமிழில் வராது. தென்னாப்பிரிக்க அரசியல் சாசனம், மதிக்கவும் வளர்க்கவும் வேண்டிய மொழிகளில் ஒன்றாகத் தமிழைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் வங்கி மேசையில் உங்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் ஆங்கிலத் தாள்தான். புரியாவிட்டால் வீட்டுக்கு எடுத்துப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லுங்கள். விலை விவரத்தோடு அவர்கள் தரும் மேற்கோள் 5 வேலை நாட்கள் செல்லும். அவசரப்படுத்தினால் அவசரப்பட வேண்டாம்.

மறுத்தால்? காரணத்தை எழுத்தில் கேளுங்கள், சொல்ல வேண்டியது அவர்கள் கடமை. பியூரோ ரிப்போர்ட்டால் மறுத்திருந்தால் அது எந்த பியூரோ என்பதையும் சொல்ல வேண்டும்.

டெபாசிட் பணத்தைப் பற்றி இரண்டு எச்சரிக்கைகள். கடன் வாங்கி டெபாசிட் போடாதீர்கள். மஷோனிசா என்று இங்கே சொல்லப்படும் தெருவட்டிக்காரரிடம் போகவே வேண்டாம். உங்கள் வங்கிக் கார்டையும் அடையாள அட்டையையும் பிடித்து வைத்துக்கொண்டு பணம் தருவது சட்டவிரோதம். மூவாயிரம் சேர ஆறு மாதம் ஆனால் ஆகட்டும், அதற்குள் பழைய பாக்கியும் இன்னும் கொஞ்சம் குறையும். இரண்டாவது, பதிவு பெற்ற வங்கியில் மட்டும் போடுங்கள். வாட்ஸாப்பில் வந்து, 'டெபாசிட் அனுப்புங்கள், கார்டு வீட்டுக்கு வரும்' என்பவர்கள் திருடர்கள். வங்கியில் உள்ள வைப்புத்தொகைக்கு 2024 ஏப்ரல் முதல் ஒரு வங்கிக்கு ஒருவருக்கு 1,00,000 ராண்ட் வரை காப்பீடு இருக்கிறது. அந்தப் பாதுகாப்பு வாட்ஸாப்காரரிடம் கொடுத்த பணத்துக்குக் கிடையாது.

நான்காம் படி: கார்டை மாதாமாதம் ஓட்டுவது

இங்கே சம்பளம் பெரும்பாலோருக்கு 25-ஆம் தேதி வரும். அதை வைத்தே ஒரு மாதத்தை ஓட்டிப் பார்ப்போம்.

உங்கள் லிமிட் 3,000. அதில் மாதம் 600 ராண்டுக்கு மேல் செலவழிக்காதீர்கள். லிமிட்டில் ஐந்தில் ஒரு பங்குக்குள் இருந்தால் நிதானமாகப் புழங்குபவர் என்று தெரியும். முழு லிமிட்டையும் ஒவ்வொரு மாதமும் தொட்டுவிட்டு வந்தால், ஒழுங்காகக் கட்டினாலும் ஸ்கோர் மெதுவாகத்தான் ஏறும். அந்த 600-ஐயும் புதிதாக எதையும் வாங்கச் செலவிடாதீர்கள். வழக்கமாக டெபிட் கார்டில் வாங்கும் ஒரே ஒரு பொருளை மட்டும் இதற்கு மாற்றுங்கள், வாராந்திரக் காய்கறியோ பெட்ரோலோ. அந்தப் பணம் ஏற்கெனவே உங்கள் கணக்கில் இருக்கிறது என்பதால் கட்டுவதற்குத் திண்டாட வேண்டியதில்லை.

கடையில் பணம் கட்டும்போது காசாளர் கேட்பார்: 'ஸ்ட்ரெய்ட்டா, பட்ஜெட்டா?' இதற்கு எப்போதும் 'ஸ்ட்ரெய்ட்' என்றே சொல்லுங்கள். பட்ஜெட் என்றால் அந்தத் தொகை பல மாதத் தவணையாகப் பிரிந்துவிடும், முதல் நாளிலிருந்தே வட்டி ஓடும். ஸ்ட்ரெய்ட்டில் வாங்கினால் பெரும்பாலான வங்கிகளில் 55 நாள் வரை வட்டி கிடையாது. ஆனால் ஸ்டேட்மெண்டில் வந்த முழுத் தொகையையும் கெடுவுக்குள் கட்டினால்தான் அந்தச் சலுகை. ஊரிலிருந்து புதிதாக வந்தவர்கள் இந்தக் கேள்விக்குத் தலையை ஆட்டிவிட்டு வந்து, அடுத்த மாத ஸ்டேட்மெண்டைப் பார்த்துக் குழம்புவார்கள்.

ஏ.டி.எம்.-இல் இந்தக் கார்டைப் போடவே கூடாது. ரொக்கம் எடுத்தால் அன்றிலிருந்தே வட்டி, எடுப்பதற்குத் தனிக் கட்டணமும் உண்டு.

ஸ்டேட்மெண்ட் 20-ஆம் தேதி வருகிறது, கெடு அடுத்த மாதம் 15 என்று வைத்துக்கொள்வோம். 15 வரை காத்திருக்காதீர்கள். 25-ஆம் தேதி சம்பளம் விழுந்ததும் முதல் வேலையாக அதைக் கட்டிவிடுங்கள். மாதக் கடைசியில் மற்ற எல்லாரும் தங்கள் பங்கை எடுத்த பிறகு பார்த்தால் கணக்கில் ஒன்றும் மிச்சமிருக்காது. வங்கியிடம் கேட்டு, சம்பளத்துக்கு மறுநாள் முழு பாக்கிக்கும் டெபிட் ஆர்டர் (கணக்கிலிருந்து பணம் தானாகக் கழியும் ஏற்பாடு) போட்டுவிட்டால் இன்னும் நல்லது. படிவத்தில் 'குறைந்தபட்சத் தொகை', 'முழுத் தொகை' என்று இரண்டு பெட்டிகள் இருக்கும். பலர் யோசிக்காமல் முதல் பெட்டியில் டிக் போட்டுவிடுகிறார்கள். முழுத் தொகை என்பதில் போடுங்கள். குறைந்தபட்சம் மட்டும் கட்டினால் பியூரோவில் பூஜ்யம் விழும், அது சரிதான். ஆனால் மிச்சத்துக்கு வட்டி ஏறிக்கொண்டே போகும். கிரெடிட் கார்டுக்கு வட்டியின் உச்சவரம்பு, ரிசர்வ் வங்கி நிர்ணயிக்கும் ரெப்போ விகிதத்தோடு 14 சதவீதம் கூட்டியது. ரெப்போ 7 என்றால் 21 சதவீதம் வரை வரலாம். உங்கள் ஃபிக்ஸட் டெபாசிட் தருவது அதில் பாதிகூட இருக்காது.

சில மாதம் கழித்து லிமிட்டை உயர்த்தட்டுமா என்று வங்கி கேட்கும். ஒப்பந்தத்திலேயே 'வருடந்தோறும் லிமிட்டை உயர்த்தச் சம்மதம்' என்று ஒரு பெட்டி இருக்கலாம். முதல் வருடம் அதற்குச் சம்மதம் கொடுக்காதீர்கள். பின்னால் தேவைப்பட்டால் நீங்களே கேட்டுக்கொள்ளலாம், குறைக்க வேண்டுமென்றாலும் எழுதிக் கொடுத்துக் குறைக்கலாம்.

தீபாவளி, தைப்பூசக் காவடி, ஈஸ்டர் வாரத்தில் இசிபிங்கோ மாரியம்மன் கோயில் திருவிழா. நம் வீடுகளில் செலவு எகிறும் நாட்கள் எவை என்று முன்பே தெரியும். பூஜைச் சாமான்களுக்கும் புதுத்துணிக்கும் கார்டைத் தொடாமல், அதற்கென்று தனியாகச் சேர்த்து வையுங்கள். லே-பை முறையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்டி எடுப்பதும் நல்ல பழக்கம்தான். அது கிரெடிட்டை ஏற்றாது, கெடுக்கவும் செய்யாது.

கார்டு கிடைக்கவே இல்லை என்றால்

சிலருக்கு எந்த வங்கியிலும் டெபாசிட் கார்டு அமையாது. அதே வேலையைச் சின்னதாக ஒரு துணிக்கடை அக்கவுண்டாலும் செய்யலாம். சில கடைகளில் 6 மாதம் வட்டியில்லாத் திட்டம் இருக்கிறது. 500 ராண்டுக்குள் பள்ளிச் சீருடை வாங்கி, தவணையைத் தேதி தவறாமல் கட்டினால் அதுவும் பியூரோவில் பூஜ்யமாகவே விழும். ஒரே ஓர் அக்கவுண்ட் போதும். ப்ரீபெய்டு சிம், டெபிட் கார்டு, சீட்டுப் பணம், ஸ்டாக்வெல் என்ற சேமிப்புக் குழு ஆகியவை எவ்வளவு ஒழுங்காகப் போனாலும் பியூரோவுக்குத் தெரியாது. அதற்காக அவற்றை விட்டுவிட வேண்டாம், டெபாசிட்டுக்கான பணம் பலருக்குச் சீட்டிலிருந்துதான் வருகிறது.

சிக்கல் வந்தால்

வேலை போகலாம், உடம்புக்கு முடியாமல் போகலாம். கெடு தேதிக்கு முன்பே வங்கிக்குப் போன் செய்யுங்கள். தவறிய பிறகு அழைப்பவருக்குக் கிடைக்காத சலுகை முன்கூட்டியே அழைப்பவருக்குக் கிடைக்கும். தேசியக் கடன் சட்டத்தின் 129-ஆம் பிரிவின்படி கடிதம் வந்தால் அதைப் பிரிக்காமல் மேசையில் போடாதீர்கள். வழக்குப் போடும் முன் அவர்கள் அனுப்பியே ஆக வேண்டிய கடிதம் அது. பதில் சொல்ல 10 வேலை நாள் இருக்கிறது, அந்த நாட்களுக்குள் பேசித் தீர்க்க முடியும், டெட் கவுன்சிலரிடமும் போக முடியும்.

வங்கியோ பியூரோவோ உங்கள் புகாரைக் கேட்கவில்லை என்றால் தேசிய நிதிக் குறைதீர்ப்பாளர் அமைப்புக்கு எழுதலாம். பழைய கிரெடிட் ஆம்பட், வங்கிகளுக்கான ஆம்பட் போன்றவை 2024 மார்ச்சில் ஒன்றாகி இப்படிப் பெயர் பெற்றிருக்கின்றன. கட்டணம் கிடையாது, வக்கீலும் வேண்டாம்.

டெபாசிட்டைத் திரும்ப வாங்குவது

ஒரு வருடம் ஒழுங்காகப் போன பிறகு ரிப்போர்ட்டுகளை மறுபடி எடுங்கள். வருடம் திரும்பியிருப்பதால் அவை மீண்டும் இலவசம். கார்டுக்கு எதிரே பூஜ்யங்கள் வரிசையாக நிற்கின்றனவா, பழைய பாதகக் குறிப்புகள் நீங்கிவிட்டனவா என்று பாருங்கள். அதை அச்செடுத்துக்கொண்டு வங்கிக்குப் போய், டெபாசிட்டை விடுவித்து இதையே சாதாரணக் கார்டாக மாற்றுங்கள் என்று கேளுங்கள். முடியாது என்றால் எத்தனை மாதம் பொறுக்க வேண்டும் என்று கேட்டு, அந்தத் தேதியைக் குறித்து வையுங்கள். வேறு வங்கியில் சாதாரணக் கார்டு கிடைத்துவிட்டால் இதை உடனே மூட அவசரப்படாதீர்கள். மாதக் கட்டணம் தாங்கக்கூடியதாக இருந்தால் சில மாதம் இரண்டும் இருக்கட்டும், பழைய அக்கவுண்டின் வயதுக்கும் மதிப்பு உண்டு.

மூடும் நாளில் பாக்கியைப் பூஜ்யமாக்குங்கள், கார்டில் ஓடும் சந்தாக்களை நிறுத்துங்கள். கார்டு மூடப்பட்டது, பாக்கியில்லை, டெபாசிட்டின் மேல் இருந்த ஈடு நீக்கப்பட்டது என்று மூன்றையும் ஒரே கடிதத்தில் எழுதி வாங்குங்கள். ஃபிக்ஸட் டெபாசிட்டின் முதிர்வுத் தேதியையும் கேளுங்கள். ஈடு நீங்கினாலும் முதிர்வுக்கு முன் எடுத்தால் வட்டியில் பிடித்தம் இருக்கலாம். இரண்டு மாதம் கழித்து ரிப்போர்ட்டில் அந்த அக்கவுண்ட் 'மூடப்பட்டது, முழுவதும் அடைக்கப்பட்டது' என்று வந்திருக்கிறதா பாருங்கள். வராவிட்டால் அந்தக் கடிதத்தின் நகலை பியூரோவுக்கு அனுப்பிவிடுங்கள்.